திருவனந்தபுரத்தில் இரண்டு நாள்: ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து சில குறிப்புகள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டில் பரணிலிருக்கும் பாய் தலையணை எல்லாம் கீழே இறங்கிவிடும். திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று உறவுக்காரர்கள் இரண்டு நாள் கணக்கில் வருவார்கள். பத்மநாபசுவாமி கோயில், மிருகக்காட்சிசாலை, கோவளம், முடிந்தால் பொன்முடி என்று பட்டியலும் கையோடு வரும். முதல் நாள் மதியத்துக்குள் பாதிப் பேர் தலைவலியோடு படுத்துவிடுவார்கள். வெயில் அவர்களுக்குப் புதிதல்ல. வெயிலும் மேடும் புழுக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வருவதுதான் புதிது. ஏழு குன்றுகளின் மேல் அமைந்த ஊர் என்று திருவனந்தபுரத்தைச் சொல்வது வழக்கம். கனகக்குன்னு, குன்னுக்குழி, குடப்பனக்குன்னு என்று இடப்பெயர்களே அதைச் சொல்லும். வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி வந்ததை இப்போது எழுதியே வைத்துவிட்டேன்.

1. பயண நாளைக் குறிக்கும்போது முதலில் திங்கட்கிழமையைப் பாருங்கள். மிருகக்காட்சிசாலை, நேப்பியர் அருங்காட்சியகம், குதிரைமாளிகை, தக்கலைப் பக்கமுள்ள பத்மநாபபுரம் அரண்மனை, எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை முற்பகலும் கிடையாது. வேறு வழியில்லாமல் திங்கட்கிழமை வந்துவிட்டால் அன்றைக்குக் கோயிலையும் கடற்கரையையும் வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டுக்கும் வார விடுமுறை இல்லை.

2. ரயில் சீட்டில் நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். தம்பானூரில் இருப்பது திருவனந்தபுரம் சென்ட்ரல். கொச்சுவேளிக்கு இப்போது திருவனந்தபுரம் நார்த் என்றும், நேமத்துக்குத் திருவனந்தபுரம் சவுத் என்றும் பெயர் மாற்றியிருக்கிறார்கள். வரவேற்க வருபவர் ஒரு நிலையத்திலும் வந்தவர் இன்னொன்றிலும் நின்ற கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. கோட்டைப் பக்கமோ ஸ்ரீவராகத்திலோ தங்குகிறவர்களுக்கு சென்ட்ரல்தான் பக்கம்.

3. விமானத்தில் வருகிறவர்களுக்கும் அதே எச்சரிக்கை உண்டு. இங்கே இரண்டு முனையங்கள். ஒன்று சங்குமுகம் கடற்கரையை ஒட்டி, மற்றது சாக்கைப் பக்கம். நடுவே ஓடுதளம் கிடப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாலையில் சுற்றித்தான் போகவேண்டும். ஆட்டோவில் ஏறும்போது வெறுமனே “ஏர்போர்ட்” என்று சொல்லாமல், சீட்டில் இருக்கும் முனைய எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

4. துணி. திருநெல்வேலி வெயிலில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். இங்கே கடற்காற்றின் ஈரத்தால் காயாது. அதனால்தான் வெப்பமானி 33 டிகிரி காட்டும் நாளில்கூட, 38 டிகிரியில் பழகியவர்கள் தவித்துப்போகிறார்கள். பட்டும் பாலியெஸ்டரும் பெட்டியிலேயே இருக்கட்டும். மெல்லிய பருத்தி உடுப்பு, ஒரு நாளுக்கு இரண்டு மாற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பூத்துவாலை வேண்டாம், இரண்டு நாளானாலும் உலராமல் வாடை அடிக்கும். மலையாளத்தில் தோர்த்து என்கிற, நாஞ்சில்நாட்டார் துவர்த்து என்று சொல்கிற அந்த மெல்லிய துண்டுதான் இந்த ஊருக்கு ஏற்றது. சாலைக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். தலை துவட்ட, தோளில் போட்டு வியர்வை துடைக்க, கடற்கரையில் விரிக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும்.

5. இந்த ஊரைச் சுற்றுவதற்கு நான் சொல்வது இதுதான்: ஏறும்போது வண்டியில் ஏறுங்கள், இறங்கும்போது நடந்து இறங்குங்கள். கோட்டை தாழ்ந்த பகுதி. அருங்காட்சியகமும் கனகக்குன்னும் மேடு. காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே பார்க்கவேண்டியதை முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு பாளையம் வழியாகக் கீழ்நோக்கி வாருங்கள். பாளையத்தில் பள்ளிவாசல், புனித யோசேப்பு தேவாலயம், பிள்ளையார் கோயில் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். மாலை வேளையில் பாங்கொலியும் மணியோசையும் அடுத்தடுத்துக் கேட்பதற்காகவே கொஞ்சநேரம் அங்கே நிற்கலாம்.

அப்படியே மகாத்மா காந்தி சாலையில் தெற்கே வந்தால் 1869-ல் கட்டிமுடித்த தலைமைச் செயலகம். அதன் எதிரே ஒரு சிலை. இங்கே பேருந்து நடத்துநர் “ஸ்டாச்சூ, ஸ்டாச்சூ” என்று கூவுவது இந்தச் சிலையைத்தான். கும்பகோணத்தில் பிறந்து, 1857 முதல் 1872 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் அவர். தமிழ்நாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு நான் தவறாமல் காட்டுகிற சிலை இது. அங்கிருந்து கிழக்கேகோட்டை வரை மொத்தத்தில் இறக்கம்தான். நடுநடுவே சிறு ஏற்றங்கள் வரும், மூச்சு வாங்காது. முழங்கால் வலிக்காரர்கள் ஸ்டாச்சூவிலேயே பேருந்து ஏறிவிடலாம்.

6. உள்ளூர்க்காரரிடம் வழி கேட்டால் “நடக்கான் உள்ள தூரமே உள்ளு” என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் மேட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, பிறந்ததிலிருந்து ஏறிப் பழகியவர். ஆகவே இரண்டாவதாக ஒரு கேள்வி கேளுங்கள்: “கயற்றம் உண்டோ?” ஏற்றம் இருக்கிறதா என்று அர்த்தம். “இறக்கமாணு” என்றால் நடங்கள். “கயற்றமாணு” என்றால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். ஆட்டோக்காரரைச் “சேட்டா” என்று அழைத்து, “மீட்டர் இடணே” என்று சொன்னால் போதும்.

7. மேட்டில் ஏறுவதைவிட ஈரமான இறக்கத்தில் இறங்கும்போதுதான் விழுவார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு, அடி வழவழப்பாகத் தேய்ந்த பழைய செருப்பு இரண்டையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள். பின்பட்டை உள்ள ரப்பர் அடிச் செருப்பு நல்லது. கோயில்களில் அடிக்கடி கழற்றி மாட்டவேண்டியிருப்பதால் கயிறு கட்டும் ஷூ வேண்டாம்.

8. காலை பத்தரைக்கு மேல் பிற்பகல் மூன்றரை வரை வெயிலில் அலையும் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். இதைச் சொன்னால் வருகிறவர்கள் முகம் வாடிவிடும், ஐந்து மணிநேரம் வீணா என்று கேட்பார்கள். திருவனந்தபுரம் பூமத்தியரேகைக்கு எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசியிலும் உச்சிவேளையில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். தெருவின் எந்தப் பக்கம் போனாலும் கட்டட நிழல் விழாது, நம் நிழலே காலடியில் சுருண்டு கிடக்கும். பத்மநாபசுவாமி கோயிலும் உச்சிவேளையில் நடை சாத்தியிருக்கும். குளித்து, சாப்பிட்டு, சன்னலைத் திறந்து வைத்துப் படுத்து எழுந்தால் மாலையில் இரண்டாவது காலை கிடைத்த மாதிரி இருக்கும். மதியம் படுத்தவர்கள்தான் இரவு ஒன்பது மணிக்கு மானவீயம் வீதியில் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

9. பத்மநாபசுவாமி கோயிலுக்கு உடுப்பு. ஆண்களுக்கு வேட்டி, மேலுக்குச் சட்டையோ பனியனோ கூடாது. பெண்களுக்குப் புடவை, செட்டுமுண்டு, பாவாடை தாவணி. சுடிதாரில் வந்தவர்கள் அதன்மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு போவதும் வழக்கம். கோயில் முன்னால் வேட்டி கிடைக்கும். ஆனாலும் வீட்டிலிருந்தே ஆளுக்கொன்று எடுத்து வாருங்கள். நாலு முழ ஒற்றை வேட்டி போதும். எட்டு முழ இரட்டை வேட்டி நனைந்தால் இந்தப் புழுக்கத்தில் காய ஒரு நாளாகும். வேட்டி கட்டிப் பழகாத பையன்களுக்கு இடுப்பில் ஒரு மெல்லிய பெல்ட். நான்கைந்து ஊக்குகளைத் தாலிச்சரட்டிலோ பர்சிலோ கோத்து வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரத்தில் யாருக்காவது உதவும்.

ஒரு தடவை வந்த பெரியப்பா குடும்பம் சுடிதாரும் பேண்ட்டுமாக விடியற்காலை போய் நின்று, திரும்பி வந்து, உடை மாற்றிப் போவதற்குள் நடை சாத்திவிட்டது. மாலையில் அவர்களுக்கு ரயில். அந்த முறை பெருமாளைப் பார்க்காமலேதான் போனார்கள். அடுத்த தடவை வரும்போது பெரியப்பா இல்லை. அதிலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில் விருந்தினருக்கென்றே துவைத்து மடித்த ஆறு வேட்டி இருக்கிறது.

10. கைபேசி, கேமரா, பை எதுவும் உள்ளே போகாது. வெளியே ஒப்படைத்துச் சீட்டு வாங்கவேண்டும். இதில் பலர் யோசிக்காத சங்கடம் ஒன்று உண்டு. கூட்டத்தில் குடும்பம் பிரிந்தால் கூப்பிட்டுப் பேச வழியில்லை. ஆகவே உள்ளே போகும் முன்பே, கிழக்கு நடைப் படிகளின் அடியில் இன்ன மூலை என்று கூடும் இடத்தைப் பேசி முடித்துவிடுங்கள். பெற்றோர் எண்ணையும் தங்கியிருக்கும் வீட்டு முகவரியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பிள்ளைகளின் இடுப்புத் துணியில் முடிந்துவிடுங்கள். ஒப்படைத்த பொருளுக்கான சீட்டு ஒரே ஆளிடம் இருக்கட்டும், அவரே கடைசியாக வெளியே வரட்டும்.

11. உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். வெளியே கண் கூசும் வெயில், சன்னிதியில் எண்ணெய் விளக்கு வெளிச்சம் மட்டும். கண் பழக ஒரு நிமிடம் வேண்டும். ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறுவதற்கு முன்பே கண்ணை மூடி இருபது எண்ணிவிட்டுத் திறக்கச் சொன்னவர் என் மாமியார். இன்றுவரை நான் அதைத்தான் செய்கிறேன். அனந்தசயனப் பெருமாளின் 18 அடித் திருமேனியை மூன்று வாசல்கள் வழியாகத்தான் பார்க்கமுடியும். முதல் வாசலில் திருமுகமும், தொங்கும் வலக்கையின் கீழ் சிவலிங்கமும். நடு வாசலில் நாபிக் கமலம். மூன்றாவதில் திருவடி. எதை எங்கே பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நகரச் சொல்லும் நொடியில் தடுமாறமாட்டோம்.

அந்த மண்டபத்தின் தளம் ஒரே கல். ஊருக்குள்ளேயே திருமலை என்ற மேட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவந்தது. அதன்மேல் விழுந்து வணங்காதீர்கள். அங்கே நமஸ்காரம் செய்தால் தன்னுடையது எல்லாம் பத்மநாபனுக்கு என்று ஆகிவிடும் என்பதால், திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவர் மட்டுமே அங்கே வணங்குவார். 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா நாட்டையே பெருமாளுக்கு எழுதிக்கொடுத்த திருப்படிதானத்தை இந்த இடத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் பதியும்.

12. கோயிலுக்கு வெளியே, பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது கடிகாரத்துக்கு மேலுள்ள தாடிமுகம் வாயைத் திறக்கும், இரண்டு பக்கத்து ஆட்டுக்கடாக்களும் கன்னத்தில் முட்டும். நிமிட முள் பன்னிரண்டைத் தொடுவதற்கு முன்பே போய் நில்லுங்கள், பிந்திவிட்டால் குழந்தைகளோடு இன்னொரு மணிநேரம் நிற்கவேண்டும். பக்கத்திலேயே சுவாதித் திருநாள் (1813–1846) கட்டிய குதிரைமாளிகை. இறவாரத்தின் கீழ் வரிசையாக 122 மரக்குதிரைகள். நடுப்பகலில் மூடிவிட்டுப் பிற்பகல் திறப்பார்கள். வெயில் நாளில்கூட உள்ளே மரத்தளம் குளிர்ந்திருக்கும், செருப்பில்லாமல் நடப்பது சுகம்.

13. பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது விசேஷம். சில்லுகள் தெறிக்கும். கைக்குழந்தையோடும் மூக்குக்கண்ணாடியோடும் இருப்பவர்கள் ஒதுங்கி நில்லுங்கள்.

14. இங்கே ஓட்டல்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பார்கள். சாயம் கலந்திருக்கிறது என்று பயந்து குழந்தைகளுக்குக் கொடுக்காமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அது. வெளியே குடிப்பதில் அதைத்தான் நம்பலாம். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரை விட்டுவிடுங்கள். மேடேறி வந்த சூட்டோடு அதைக் குடித்தால் தாகம் தீராமல் வயிறு மட்டும் நிறையும்.

15. கையில் எடுத்துப்போக, சம்பாரம் என்கிற நீர்மோர் செய்யும் அளவு: புளிக்காத கெட்டித் தயிர் ஒரு தம்ளர், தண்ணீர் நான்கு தம்ளர், தட்டிய இஞ்சி சுண்டுவிரல் நுனி அளவு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று, கசக்கிய கறிவேப்பிலை ஒரு கொத்து, எலுமிச்சை இலை இரண்டு, உப்பு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக. கடைந்து பத்து நிமிடம் வைத்து வடிகட்டி எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றுங்கள். மிளகாயை வடிகட்டாமல் விட்டால் மதியத்துக்குள் காரம் தாங்காது. காலையில் எடுத்துப்போவதை மதியத்துக்குள் குடித்துவிடவேண்டும்.

16. கட்டுச்சோறு கொண்டுபோவதானால் தேங்காய் சேர்ந்தது எதுவும் வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் தேங்காய்ச் சட்னி காலை பத்து மணிக்கே நூல்விடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, வாட்டிய நாரத்தங்காய் இருந்தால் கவலையில்லை. சோற்றைச் சூட்டோடு மூடாமல் தட்டில் பரப்பி ஆறவைத்த பிறகு கட்டுங்கள். பழத்துக்கு ரசகதளி வாங்குங்கள், சிறியது, பையில் நசுங்காது.

17. மிருகக்காட்சிசாலைக்குத் திறந்தவுடன் போய்விடுங்கள். 1857-ல் தொடங்கிய பழைய காட்சிசாலை, மரங்கள் அடர்ந்தது. ஆனால் உள்ளே ஏற்ற இறக்கம் அதிகம், விலங்குகளும் வெயில் ஏறினால் புதரைத் தேடிப் போய்விடும். அதை முடித்துக்கொண்டு வெயில் ஏறும் நேரத்தில் அதே வளாகத்திலுள்ள நேப்பியர் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் இதையும் வடிவமைத்தார், 1880-ல் கட்டி முடிந்தது. கேரளக் கூரையின் செங்குத்தான சரிவையும் முகப்புகளையும் எடுத்துக்கொண்டு, சூடான காற்று மேலே ஏறி வெளியேற வழிவைத்துக் கட்டியிருக்கிறார். உள்ளே கால் வைத்ததும் வித்தியாசம் தோலில் தெரியும். ரவிவர்மா ஓவியங்களும் அதே வளாகத்தில்தான். ஓவியங்களுக்குத் தனியாக ஒரு மணிநேரம் வையுங்கள், அவசரமாகப் பார்த்தால் காலண்டர் படம் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

18. முழங்கால் தாங்காத பெரியவர்களை அழைத்து வந்தால் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் விடுகிற, மேல்தளம் திறந்த இரட்டைமாடிப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள். மாலை அல்லது இரவு நடையைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் அத்தை எண்பது வயதில் அப்படித்தான் ஊரை முழுதாகப் பார்த்தார். கீழே நடக்கும்போது மதில்களே தெரியும் இந்த ஊரில், மேலிருந்து பார்த்தால் தென்னந்தலைகளுக்கு நடுவே வீடுகள் தெரியும்.

19. ரயிலுக்கு நேரமிருந்தால் தம்பானூரில் செங்கல் கோபுரம் மாதிரிச் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் உட்காருங்கள். லாரி பேக்கர் (1917–2007) கட்டியது. படியே கிடையாது, சுற்றிச் சுற்றிச் சரிவாகவே மேலே போகும். சுவரோடு சேர்ந்த மேசை, பெஞ்சு, காற்று வர ஓட்டை ஓட்டையாகச் செங்கல். இங்கிலாந்தில் பிறந்து வந்து, இந்த ஊரிலேயே நாலாஞ்சிறை மேட்டில் வீடு கட்டி வாழ்ந்தவர், மேட்டையும் வெயிலையும் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பெட்டிகளைக் கீழேயே ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

20. கடற்கரைக்கு மாலை ஐந்து மணிக்குப் போனால் போதும். சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறிலிருந்து ஏழுக்குள். கோவளம்வரை போக நேரமில்லையென்றால் சங்குமுகம் இருக்கிறது, கானாயி குஞ்ஞிராமன் செய்த பெரிய சாகரகன்யகைச் சிலையடியில் குழந்தைகள் ஓடி விளையாடலாம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில், முக்கியமாக ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, எந்தக் கடற்கரையிலும் காலை நனைக்கக்கூட இறங்கவேண்டாம். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். மணல் ஒட்டிய காலில் கொஞ்சம் பவுடரைத் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆட்டோவில் ஏறும் முன் இதைச் செய்யுங்கள், சேட்டன்மார் சந்தோஷப்படுவார்கள்.

21. ஸ்ரீவராகத்தில் தங்குகிறவர்கள் ஒரு மாலையாவது எங்கள் கோயில் குளத்துக்கென்று ஒதுக்குங்கள். மடியில் லக்ஷ்மியோடு வராகமூர்த்தி இருக்கும் கோயில், எதிரே அகன்ற குளம். பட்டியலில் இல்லாத இடம் என்பதால் வருகிறவர்கள் அவசரத்தில் தாண்டிப்போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். படியில் உட்கார்ந்தால் நாள் முழுக்கத் தேடின காற்று தானாக வரும். தண்ணீரைத் தொடும் படிகளில் பாசி இருக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொசு வரும், முழுக்கைச் சட்டை நல்லது.

22. திருவிழா நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாசியில் பூர நட்சத்திரத்தன்று ஆற்றுகால் பொங்கலை. கண்ணகியாகவே கருதப்படும் ஆற்றுகால் அம்மன் கோயில் எங்களுக்கு மிக அருகில். அன்று ஸ்ரீவராகம், மணக்காடு, கோட்டை என்று எல்லாத் தெருக்களிலும் செங்கல் அடுப்பு வரிசை போகும். 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. ஊர் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அந்த இரண்டு மூன்று நாளைத் தவிர்த்துவிடுங்கள், வண்டி எதுவும் நகராது. பொங்கலிட வருகிறவர்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள். நூல்புடவைதான் கட்டவேண்டும், நைலக்ஸ் தீக்கு ஆகாது. முந்தானையைச் செருகி, தலைமுடியைக் கொண்டையிட்டு, புகைக்கு ஈரத்துண்டு ஒன்று கையில். தண்ணீர் இரண்டு பாட்டில் கூடுதலாக. அடுப்புச் செங்கல்களை விட்டுவிட்டுப் போகலாம். மாநகராட்சி அவற்றைச் சேகரித்து ஏழைகளின் வீட்டுக்குக் கொடுக்கிறது.

பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனி உற்சவங்களின் ஆறாட்டு ஊர்வலம் விமான ஓடுதளத்தின் வழியாகவே சங்குமுகம் போகும். அந்தச் சில மணிநேரம் விமானங்கள் நிற்கும். சீட்டு எடுக்கும்போது கவனியுங்கள். நவராத்திரிக்கு வந்தால் நம் குமரி மாவட்டத்திலிருந்து பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாக வந்து சேர்வதைப் பார்க்கலாம். நவராத்திரி மண்டபக் கச்சேரியில் கைதட்டக்கூடாது. குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

23. ஐரோப்பாவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இப்போது அதிகம். என் அண்ணன் மகள் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனுக்கு ஆகஸ்டில் இரண்டு நாள் போய்வந்து சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம். அதுவும் ஏழு குன்றுகளின் ஊர் என்றே பெயர்பெற்றது, வெயிலும் உண்டு. 1497-ல் வாஸ்கோடகாமா கப்பலேறியது அங்கிருந்துதான். அங்கேயும் வழி இதேதான். 28-ஆம் எண் டிராமையோ, 1902 முதல் ஓடும் சாந்தா ஜுஸ்தா மின்தூக்கியையோ பிடித்து மேலே போய், ஆற்றை நோக்கி நடந்து இறங்கவேண்டும். டிராமுக்கு அதிகாலையே நல்லது, பிறகு வரிசை நீளும். நடைபாதையெங்கும் சுண்ணாம்புக்கல் பதித்திருப்பார்கள், தேய்ந்து வழுக்கும், ஆகவே மேலே சொன்ன செருப்பு அங்கேயும் பொருந்தும். வாஸ்கோடகாமாவின் கல்லறை உள்ள ஜெரோனிமோஸ் மடம் அங்கேயும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஒரு வித்தியாசம்: அங்கே காற்றில் ஈரம் குறைவு. வியர்ப்பது தெரியாமலே உடம்பு உலர்ந்துவிடும். தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கவேண்டும்.

24. சாமான் வாங்குவதைக் கடைசி மாலைக்கு வையுங்கள். கிழக்கேகோட்டையை ஒட்டியே சாலைக் கடைத்தெரு. சமதளம், கனம் தூக்கி மேடேறவேண்டாம், ரயில் நிலையமும் பக்கம். தமிழ் பேசும் வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள், பேரம் தாய்மொழியிலேயே நடக்கும். நேந்திரங்காய் உப்பேரியைக் கண்முன் பொரிக்கிற கடையில் வாங்குங்கள். சூட்டோடு பொட்டலம் கட்டவிடாதீர்கள், வீட்டுக்கு வந்து பிரித்தால் நமுத்திருக்கும். போளிக்கும் அதேதான். இந்த ஊர்ப் போளி மெல்லியது, இலையில் பால்பாயசத்தோடு பிசைந்து சாப்பிடுவது. இரண்டு போளிக்கு நடுவே அனலில் வாட்டிய வாழையிலைத் துண்டு வைத்து அடுக்கினால் ஒட்டாமல் சென்னைவரை போகும். மறுநாளே சாப்பிட்டுவிடவேண்டும்.

25. கசவுப் புடவையோ செட்டுமுண்டோ வாங்க, நாகர்கோவில் சாலையில் உள்ள பலராமபுரத்தில் இறங்குங்கள். காரில் திரும்புகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது. பலராமவர்மா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் நெசவாளர்களின் ஊர் அது. வாங்கின துணியை முதல் மூன்று சலவைக்குத் தனியாக, பச்சைத் தண்ணீரில், காரமில்லாத சோப்பில் அலசுங்கள். முறுக்கிப் பிழியவேண்டாம், கசவு மடிந்த இடத்தில் நூல் அறும். நீர்த்த கஞ்சியில் முக்கி நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்திலேயே கசவின்மேல் வெள்ளைத்துணி விரித்து இஸ்திரி போடுங்கள். பாச்சை உருண்டை கசவில் படக்கூடாது. இரண்டு மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.

26. கிளம்பும் அவசரத்தில் ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் சுருட்டித் திணிப்பார்கள். ஊருக்குப் போய்ப் பிரித்தால் கரும்புள்ளி விழுந்திருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. ஈரத்துணியை விரித்து அதன்மேல் செய்தித்தாளை வைத்துச் சுருட்டினால் பாதி ஈரத்தைத் தாள் குடித்துவிடும். அப்படியே துணிப்பையில் போட்டு, ரயில் ஏறியதும் மேல் பெர்த்துக் கம்பியில் தோர்த்தைக் கட்டி அதில் உலர்த்துங்கள். கோயிலுக்கு இரவல் வாங்கிய வேட்டியை மட்டும் துவைக்காமலே எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்து வருகிறவர்களுக்காக நான் துவைத்து மடித்து வைக்கிறேன்.